கண்ணை மூடிக்கொண்டால் போதுமா?

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பஃப் ஆடர் என்ற கொடிய விஷப் பாம்பு. இந்தப் பக்கம் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையைச் சொன்ன அதே டார்வின்தான். அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மனதுக்குள் உறுதி எடுத்தார்: பாம்பு சீறிக்கொண்டு வந்தாலும் நான் அசையப் போவதில்லை. கண்ணாடியோ நல்ல கனம். பாம்பால் அதைத் தாண்டி வர முடியாது. இதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும். பாம்பு கொத்த வந்தது. டார்வின் ஓரிரு கஜ தூரம் பின்னால் துள்ளிப் போய் நின்றார்!

1872இல் வெளியான, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய தம்முடைய புத்தகத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இதுவரை ஒருமுறைகூடப் பட்டறியாத ஆபத்து, வெறும் கற்பனை, அதன் முன்னால் என் அறிவும் உறுதியும் செல்லுபடியாகவில்லை என்று வியக்கிறார். அவருடைய பெரிய பெரிய கண்டுபிடிப்புகளைவிட எனக்கு இந்தத் துள்ளல்தான் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் நாங்களும் அப்படித் துள்ளிய கூட்டம்தான். எங்கள் கண்ணாடி மட்டும் வேறு.

அது ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. இருபுறமும் இழுத்து மூடும் ஷட்டர் வைத்தது. மொட்டைமாடியில் மூங்கில் கழியில் ஆன்டெனா. காற்றடித்தால் ஒருவர் மேலே போய்த் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "இப்பத் தெரியுது... போச்சு... இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கத்த வேண்டும். ஊர் பழனி. பேய்ப்படம் போடுகிறார்கள் என்றால் ஆன்டெனா திருப்ப மேலே போக ஆள் கிடைக்காது, இருட்டில் யார் போவது?

1985இல் வந்த 'யார்', 1987இல் வந்த 'மை டியர் லிசா', 1990இல் வந்த '13-ம் நம்பர் வீடு' எல்லாம் நாங்கள் தியேட்டரில் பார்த்ததில்லை. டி.வி.யில்தான். 90களின் பின்பகுதியில், கேபிள் இணைப்பு வந்த பிறகு, சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர். அதில் 'விடாது கருப்பு' என்ற கதை வாரம் ஒருமுறை வந்து, அடுத்த வாரம் வரை எங்களைப் பாடாய்ப் படுத்தும். குதிரைமேல் வரும் கருப்பு, குளம்புச் சத்தம், அந்த இசை. இன்று அதைப் பார்க்கும் உங்களுக்குச் சிரிப்புகூட வரலாம். எங்களுக்கு அப்போது வரவில்லை.

உட்காரும் இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அப்பத்தா சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருப்பார். அவர் மடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி. அக்கா தனியாக நாற்காலியில், தனக்கு எல்லாம் தெரியும் என்ற முகத்தோடு. சித்தப்பா வாசல்படியில். அவருக்குப் படத்தைவிட எங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு, எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து "பே!" என்பார். அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்துகொண்டே பார்ப்பார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார், ஆனால் பக்கம் திருப்ப மாட்டார்.

தம்பி பயந்து அலறும்போதெல்லாம் அக்கா சொல்வாள்: "எதுக்குடா கத்துற? எல்லாம் மேக்கப்புடா!" அவள் சொல்வது சரி. தம்பிக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் பயம்? டார்வினுக்கு வந்த அதே சிக்கல்.

உங்கள் இரண்டு காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம் பருப்பு அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் அமிக்டலா. அதன் வேலை வாசலில் கட்டிப்போட்ட நாயின் வேலை. தெருவில் நிழலாடினால் நாய் முதலில் குரைக்கும். வீட்டுக்காரர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து, "அட, நம்ம தபால்காரர்" என்று சொல்வதெல்லாம் பிறகு. நாய் வந்தது யாரென்று தெரிந்துகொண்டு குரைப்பதில்லை. குரைத்துவிட்டுத்தான் தெரிந்துகொள்கிறது.

ஜோசஃப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி எலிகளை வைத்து இந்த வழித்தடத்தை ஆராய்ந்தார். எலியின் காதில் விழும் ஓர் எச்சரிக்கைச் சத்தம் மூளைக்குள் இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று குறுக்குவழி: நேராக அமிக்டலாவுக்கு. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு நேரம் போதும். இன்னொன்று சுற்றுவழி: பெருமூளைப் புறணிக்குப் போய், இது என்ன, எங்கிருந்து வருகிறது, உண்மையா பொய்யா என்று அலசிவிட்டு வருவது. "எல்லாம் மேக்கப்" என்ற செய்தி இந்தச் சுற்றுவழியில் வந்து சேர்வதற்குள் உடம்பு துள்ளி முடித்திருக்கும்.

இது மூளையின் குறை என்று நினைக்காதீர்கள். கிடந்த கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளியவருக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். கிடந்த பாம்பைக் கயிறென்று எண்ணி நிதானமாக யோசித்தவர், யோசித்து முடித்திருப்பாரா? துள்ளியவர்கள் பிழைத்தார்கள். நாம் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

நாய் குரைத்ததும் சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது. கண்மணி விரிகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. சாப்பாடு செரிப்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரத்தம் வயிற்றை விட்டுக் கால் தசைகளுக்குப் போகிறது. வயிற்றில் 'ஜிவ்'வென்று ஏதோ நழுவுவதாகத் தோன்றுமே, அந்த நேரம்தான். சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகும் இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915இல் விரிவாக எழுதினார். பாய்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கும் நமக்கு எதற்கு இந்த ஓட்டத் தயாரிப்பு என்று அட்ரினல் சுரப்பி கேட்பதில்லை.

கையில் முடி சிலிர்க்கும். ஒவ்வொரு முடியின் வேரிலும் ஒரு குட்டித் தசை உண்டு. அது இழுத்தால் முடி நட்டுக்கொள்ளும். பூனை பயந்தால் உடம்பெல்லாம் உப்பி இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், எதிரியை மிரட்ட. நமக்கு அந்த அளவுக்கு ரோமம் இல்லை. பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. பழைய டி.வி. வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் குழப்பம். திரைக்கு அருகே கையைக் கொண்டுபோனால் பேயே இல்லாமல் முடி சிலிர்க்கும்! அந்த டி.வி.யின் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களைத் திரையை நோக்கிப் பாய்ச்சுவார்கள். அதனால் கண்ணாடிமேல் நிலைமின்சாரம் சேர்ந்து முடியைத் தன் பக்கம் இழுக்கும். சித்தப்பா எங்களிடம் "பாரு, பேய் கையை இழுக்குது" என்று சொல்லி நம்ப வைத்தது இதை வைத்துத்தான். இன்றைய தட்டை டி.வி.யில் இந்த வேடிக்கை கிடையாது, பாவம் நீங்கள்.

சரி, அமிக்டலாவே இல்லாத ஒருவர் பேய்ப்படம் பார்த்தால்?

அமெரிக்காவில் அப்படி ஒரு பெண்மணி இருக்கிறார். விஞ்ஞானிகள் அவருடைய பெயரை வெளியிடாமல் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடுகிறார்கள். மிக அரிதான ஒரு பரம்பரை நோய் அவருடைய இரண்டு அமிக்டலாக்களையும் அழித்துவிட்டது. அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அவரைப் பாம்பும் சிலந்தியும் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். பாம்பு எனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கே போனதும் ஒன்றைக் கையில் வாங்கி அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பேய் வேடமிட்டவர்கள் ஒளிந்திருந்து பயமுறுத்தும் ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் தயங்க, அவர்தான் முன்னால் நடந்தார். ஒரு 'பேயின்' தலையை விரலால் குத்திப் பார்க்க, அந்த நடிகர்தான் திடுக்கிட்டார்! திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆர்வமாகப் பார்த்தார். பயம் மட்டும் வரவில்லை. ஒரு படத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டார், கடையில் வாடகைக்கு எடுத்து முழுதாகப் பார்க்க.

அமிக்டலாதான் பயத்தின் ஒரே இருப்பிடம் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடலாமா? விஞ்ஞானிகள் அவசரப்படவில்லை. 2013இல் இன்னொரு சோதனை வெளியானது. எஸ்.எம்.மை 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். அதனால் ஆபத்து இல்லை, ஆனால் மூச்சு முட்டும் உணர்வு வரும். பாம்புக்கும் பேய்க்கும் அசையாதவர் அப்போது பதறிப்போய் உதவி கேட்டார். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குத்தான் வாசல் நாய் தேவை. உடம்புக்குள்ளிருந்தே வரும் ஆபத்துக்கு வேறு மணி அடிக்கிறது போலும். அமிக்டலாவைப் பயத்தின் வீடு என்று சொல்லாதீர்கள், அது அபாய அறிவிப்பு மட்டுமே, பயம் என்ற உணர்வை மூளை பல இடங்களையும் சேர்த்து உருவாக்குகிறது என்று லெடூவே பிற்பாடு பலமுறை வற்புறுத்தியிருக்கிறார்.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். பயமான காட்சி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நாங்கள் எல்லோரும் ஒன்றையேதான் செய்தோம்: கண்ணை மூடிக்கொள்வது. அம்மாவின் முந்தானை, தலையணை, விரல் இடுக்கு, எது கிடைத்தாலும். மூடிய பிறகும் பயம் குறையவே குறையாது. சில சமயம் கூடும். ஏனென்றால் மூட வேண்டியது கண்ணை அல்ல, காதை.

1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ' என்ற படத்தை எடுத்தார். அதில் குளியலறைக் காட்சி ஒன்று உலகப் புகழ் பெற்றது. (சின்னவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டாம், இன்னும் காலமிருக்கிறது.) அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வயலின் குடும்பத்துத் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து, கிறீச் கிறீச்சென்று அறுக்கும் ஓர் இசையை எழுதிக்கொண்டு வந்து போட்டுக் காட்டினார். கேட்டதும் இயக்குநர் மனம் மாறினார். படம் பார்த்தவர்கள் பயந்தது எதற்கு? கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகைத்தான் ஊற்றியிருந்தார்கள். சாக்லேட்டைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? உயிரை உலுக்கியதில் பெரும்பங்கு அந்த வயலின்களுக்கு.

அந்தக் கிறீச்சில் அப்படி என்ன இருக்கிறது? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டேனியல் புளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர் அமெரிக்க மலைகளில் வாழும் மார்மட் என்ற கொழுத்த தரை அணில்களை ஆராய்பவர். மார்மட் குட்டியைக் கையில் பிடித்தால் அது அலறும். அந்த அலறலைப் பதிவுசெய்து பார்த்தால், ஒலி ஒழுங்காக ஏறி இறங்குவதில்லை. திடீரென உடைகிறது, தாவுகிறது, கரகரக்கிறது. தொண்டையால் எவ்வளவு முடியுமோ அதற்கு மேல் காற்றைத் தள்ளினால் இப்படி ஆகும். திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியின் சத்தத்தை அளவுக்கு மேல் கூட்டினால் பாட்டு உடைந்து 'கர்ர்' என்று வருமே, அங்கும் இதே இயற்பியல்தான். உயிர் போகிற அவசரம் இருந்தால் ஒழிய எந்தப் பிராணியும் தொண்டையை அப்படிக் கிழித்துக்கொள்ளாது. அதனால் அந்த உடைந்த ஒலியைக் கேட்டவுடன் திரும்பிப் பார்ப்பது பாலூட்டிகளின் உடம்பில் ஊறிய வழக்கம்.

2010இல் புளூம்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகளும் 102 திரைப்படங்களின் ஒலியை ஆராய்ந்தார்கள். திகில் படங்களில் இந்த மாதிரி இரைச்சல் மண்டிய அலறல்கள் தூக்கலாக இருந்தன. இசையமைப்பாளர்கள் யாரும் மார்மட்டைப் பார்த்து எழுதவில்லை. எதைக் கேட்டால் காது பதறும் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மனித அலறலுக்கும் ஒரு முத்திரை உண்டு. நாம் சாதாரணமாகப் பேசும்போது குரலின் பலம் நொடிக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கும். அலறும்போது அது நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை படபடவென்று துடிக்கிறது. இந்தச் சொரசொரப்பு கூடக் கூடக் கேட்பவரின் அமிக்டலா அதிகமாக விழித்துக்கொள்கிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அபாயச் சங்குகளிலும் கார்களின் திருட்டு அலாரத்திலும் இதே துடிப்பு இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொன்னால் நமக்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது. சத்தத்தைக் கேட்டு அழுத்த 0.15 நொடி போதும். காது முந்திக்கொள்கிறது. அதோடு கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. தூங்கும்போதுகூடக் காது வேலையில்தான் இருக்கும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்த நாங்கள், திருடனைப் பார்க்காமல் இருப்பதற்காக முன்கதவைச் சாத்திவிட்டுப் புறக்கடையைத் திறந்து போட்டிருந்தோம். மூடிய கண்ணுக்குள் பேயை வரைந்தது எங்கள் மூளை. மேக்கப் கலைஞரைவிட அது நன்றாகவே வரைந்தது.

அப்பத்தா மட்டும் கண்ணை மூடவே மாட்டார். வெற்றிலையை மென்றபடி நேராகத் திரையைப் பார்ப்பார். நாங்களோ திரையைப் பார்க்க முடியாதபோதெல்லாம் அப்பத்தா முகத்தைப் பார்ப்போம். அங்கே படம் ஓடிக்கொண்டிருக்கும்: புருவம் உயர்ந்தால் பேய் வருகிறது, மெல்லுவது நின்றால் பேய் வந்துவிட்டது, மறுபடி மென்றால் போய்விட்டது.

இதைத் தவழும் வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். 1985இல் வெளியான ஒரு சோதனை இது. ஒரு மேசை, பாதிவரை சாதாரணப் பலகை, அதன்பின் கனமான கண்ணாடி மட்டும். கண்ணாடிக்குக் கீழே கொஞ்சம் பள்ளம் தெரியும். ஒரு வயதுக் குழந்தையைப் பலகைமேல் விட்டார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறார், ஒரு பொம்மையோடு. குழந்தை தவழ்ந்து வந்து, விளிம்பில் நின்று, பள்ளத்தைப் பார்த்து, பிறகு அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்தால், 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடிமேல் தவழ்ந்து வந்துவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டினால், 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, முகம் மட்டும்தான்.

அப்படியானால் கூட்டமாகப் பார்த்தால் பயம் கூடுமா, குறையுமா? இரண்டும்தான், அதுதான் வேடிக்கை. பக்கத்தில் இருப்பவர் அலறினால் அவர் முகமும் குரலும் உங்கள் வாசல் நாயையும் குரைக்க வைக்கும். ஆனால் அதே ஆள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் கதை மாறுகிறது. ஜேம்ஸ் கோன் என்பவரும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 16 மணமான பெண்களை ஒவ்வொருவராக மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். திரையில் ஓர் அடையாளம் வந்தால், கணுக்காலில் சின்ன மின் அதிர்ச்சி வரக்கூடும் என்று பொருள். தனியாக இருந்தபோது மூளையின் அபாயப் பகுதிகள் மும்முரமாக வேலை செய்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்திருந்தபோது கொஞ்சம் அடங்கின. கணவர் கையைப் பிடித்திருந்தபோது நன்றாகவே அடங்கின. அந்தத் தம்பதியர் எவ்வளவு ஒற்றுமையானவர்களோ அந்த அளவுக்கு.

படம் முடிந்ததும் அப்பத்தா எங்கள் எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டுத்தான் படுக்க விடுவார். பூசும்போது இடது கையால் பின்தலையைப் பிடித்துக்கொள்வார், அழுத்தி. பயம் உடனே இறங்கும். இறக்கியது திருநீறா, அந்தக் கையா என்று பிரித்துப் பார்க்க அப்பத்தாவிடம் அனுமதி கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பேய் வரும் நேரத்துக்கு என்றே காத்திருந்து கரண்ட் போகும் நாட்களும் உண்டு. வெளிச்சமான திரையை ஒரு மணிநேரம் வெறித்திருந்த கண்ணுக்கு அந்த இருட்டு சாதாரண இருட்டாக இருக்காது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடும். அது மறுபடி முழுதாகச் சேர 20, 30 நிமிடங்கள் ஆகும். அதுவரை மூளைக்குக் கிடைப்பது அரைகுறைத் தகவல்தான். அரைகுறையைக் கொடுத்தால் மூளை சும்மா இருக்காது. தனக்குப் பிடித்த ஒன்றை வைத்து நிரப்பும். அதற்கு மிகவும் பிடித்தது முகம். மூன்று புள்ளி கிடைத்தால் இரண்டு கண், ஒரு வாய் என்று முடிவுசெய்துவிடும். கொடியில் காயும் சட்டைக்குத் தலை முளைத்தது அப்படித்தான்.

சத்தங்களும் சேர்ந்துகொள்ளும். குளியலறைக்குத் தகரக் கூரை. பகலில் காய்ந்த தகரம் இரவில் குளிர்ந்து சுருங்கும். மூன்று மீட்டர் நீளத் தகடு 15 டிகிரி குளிர்ந்தால் சுமார் அரை மில்லிமீட்டர் சுருங்கும். ஆணியும் சட்டமும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். தாங்க முடியாத ஒரு கட்டத்தில் 'டணார்' என்று நழுவும். யாரோ கூரைமேல் கால் வைத்தார்கள்!

இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை குதிரை. பழனியில் அப்போது பேருந்து நிலையத்திலிருந்து பக்தர்களை ஏற்றிப் போகக் குதிரை வண்டிகள் இருந்தன. 'விடாது கருப்பு' பார்த்துவிட்டுப் படுத்தால், தூரத்தில் கடைசி வண்டியின் குளம்புச் சத்தம் எங்கள் தலைமாட்டில் கேட்கும். பகலில் அவ்வளவு தூரத்துச் சத்தம் கேட்காது. இரவில் ஏன்? இரைச்சல் குறைவு என்பது பாதிக் காரணம். மீதி காற்றில் இருக்கிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர். ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிவான, காற்றடிக்காத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே உள்ள காற்று சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் மேலே போன ஒலி தரையை நோக்கித் திரும்ப வளையும். வண்டிக்காரர் ஏதும் அறியாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் மூவர் ஒரே போர்வைக்குள்.

இவ்வளவு அவதிப்பட்டும் அடுத்த வாரம் மறுபடி டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தோமே, ஏன்? டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். பயத்தில் ஏறிய துடிப்பு, காட்சி முடிந்தவுடன் இறங்கிவிடாது. இன்னும் சில நிமிடங்கள் உடம்பில் தங்கும். அந்த நேரத்தில் ஒரு நல்லது நடந்தால், பேய் ஒழிந்தாலோ சித்தப்பா வழுக்கி விழுந்தாலோ, மிச்சமிருக்கும் துடிப்பு அந்தச் சந்தோஷத்தில் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பேய்ப்படத்துக்கு நடுவே வரும் சுமாரான நகைச்சுவைக்குக்கூட அப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறோம். எல்லோருக்கும் இது பிடிக்கும் என்றில்லை. சிலருக்குத் துடிப்பு ஏறுவதே பிடிக்காது. எழுந்து போகிறவரைக் கோழை என்று கேலி செய்ய விஞ்ஞானத்தில் இடமில்லை.

வயதும் கணக்கில் உண்டு. ஜோன் கேன்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழந்தைகளின் டி.வி. பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1970களின் கடைசியில் அங்கே 'ஹல்க்' தொடர் வந்தபோது, பள்ளி செல்லாத வாண்டுகள் அதைப் பார்த்து அழுதார்கள். ஹல்க் நல்லவர், காப்பாற்ற வருபவர். ஆனாலும் ஒரு மனிதர் கண்ணெதிரே பச்சை ராட்சதனாக மாறுவது அவர்களுக்குத் தாங்கவில்லை. சின்னவர்கள் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எட்டு வயதைத் தாண்டியவர்கள் 'இது எனக்கும் நடக்குமோ' என்பதை நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்களைப் பேயைவிடச் செய்தியில் வரும் வெள்ளமும் விபத்தும் அதிகம் கலக்கும். அதனால் மருந்தும் வேறு. பெரிய பிள்ளைகளுக்கு விளக்கம் உதவும். சின்னவர்களுக்குக் கட்டிக்கொள்ள ஒரு போர்வை, தின்ன ஏதாவது, பக்கத்தில் ஓர் ஆள். அக்காவின் மேக்கப் பிரசங்கம் தம்பியிடம் ஏன் எடுபடவில்லை என்றும், அம்மா நீட்டிய இரண்டாவது முறுக்கு ஏன் எடுபட்டது என்றும் இப்போது எனக்குத் தெரிகிறது.

ஒரு சோதனை செய்து பார்க்கிறீர்களா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, உங்கள் வயதுக்கு ஏற்ற ஒரு திகில் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இதில் சேர்க்காதீர்கள். ஒருவர் பார்க்கட்டும், இன்னொருவர் அவருடைய மணிக்கட்டில் நாடியைத் தொட்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணட்டும். பாதிப் பேருக்கு முதலில் ஒலியோடும், பிறகு ஒலியை நிறுத்தியும் காட்டுங்கள். மீதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள், ஏனென்றால் இரண்டாம் முறை பார்க்கும்போது பேய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது எப்படியும் தெரிந்துபோயிருக்கும். எண்களை நோட்டில் எழுதுங்கள். "எனக்கெல்லாம் பயமே கிடையாது" என்று சொல்லும் சித்தப்பா யாராவது உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் மணிக்கட்டை முதலில் பிடியுங்கள்.